டயானாவுக்காக அழுதவர்கள் எல்லாரும் அரண்மனை விசுவாசிகளா?

நீங்கள் கேட்டிருப்பது ஒரே கேள்வி மாதிரி தெரிந்தாலும் உள்ளே மூன்று இருக்கின்றன. 1997-ல் டயானா இறந்தபோதும் 2022-ல் எலிசபெத் ராணி இறந்தபோதும் நேரில் பார்த்தேயிராத லட்சக்கணக்கானவர்கள் அழுதது நிஜமா, டிவி கிளப்பிவிட்டதா? அழுதவர்கள் எல்லாரும் மன்னராட்சி வேண்டும் என்கிறவர்களா? அழ வராதவர்கள் அந்த நேரத்தில் வாயைப் பொத்திக்கொண்டிருக்க வேண்டுமா? அழுகை பெரும்பாலும் நிஜம்தான். அதை அரண்மனைக்கு விழுந்த ஓட்டாக எண்ணுவதுதான் தப்பு. மூன்றாவதற்குக் கடைசியில் வருகிறேன்.

குழப்பம் எல்லாம் டயானாவிடம் இருந்துதான் ஆரம்பிக்கிறது. 1997 ஆகஸ்ட் 31, ஞாயிறு அதிகாலை, பாரிஸில் ஆல்மா பாலத்தை ஒட்டிய சுரங்கப் பாதையில் விபத்து. அவருக்கு வயது 36. அப்போது பட்டத்து இளவரசராக இருந்த சார்லஸோடு விவாகரத்து ஆகி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அரச குடும்பத்தாருக்கு உரிய 'ஹெர் ராயல் ஹைனஸ்' பட்டமும் போயிருந்தது. அதாவது இறந்தவர் அரண்மனையை விட்டு வெளியே வந்துவிட்ட ஒரு பெண். சடங்கை எந்த முறையில் நடத்துவது, குடும்பத்தோடு முடித்துக்கொள்வதா என்று பெரியவர்கள் யோசித்துக்கொண்டிருந்தார்கள். மக்கள் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. அன்று காலையிலேயே அவர் வசித்த கென்சிங்டன் அரண்மனை வாசலில் பூங்கொத்துகள் சேர ஆரம்பித்துவிட்டன. செயின்ட் ஜேம்ஸ் அரண்மனையில் முதலில் ஒரு சில இரங்கல் பதிவேடுகளைத்தான் வைத்தார்கள். கூட்டத்தைச் சமாளிக்க அதை 43 ஆக்க வேண்டி வந்தது. அப்படியும் ஒரு கையெழுத்துக்கு மணிக்கணக்கில் நின்றார்கள்.

அந்த வாரத்தின் பெரிய சண்டை ஒரு கொடிக்கம்பத்தைப் பற்றியது. ராணி, குடும்பத்தோடு ஸ்காட்லாந்தில் பால்மோரலில் இருந்தார். அம்மாவை இழந்த பேரன்கள் இருவரும் (ஒருவருக்கு 15, இன்னொருவருக்கு 12) அங்கேதான். லண்டனில் பக்கிங்ஹாம் அரண்மனைக் கம்பம் மொட்டையாக நின்றது. அரண்மனை அதற்கு ஒரு விதி வைத்திருந்தது: ஆட்சியில் இருப்பவர் உள்ளே இருந்தால் மட்டும் அரசக் கொடி ஏறும், இல்லையென்றால் எந்தக் கொடியும் கிடையாது. அரசக் கொடியை அரைக்கம்பத்தில் இறக்கும் பேச்சுக்கே இடமில்லை. ஒரு மன்னர் இறந்த நொடியே அடுத்தவர் மன்னராகிவிடுவதால் அரியணை காலியாக இருப்பதே இல்லை என்பது அவர்கள் கணக்கு. தர்க்கம் சரிதான். ஆனால் தெருவில் நின்று அழுகிறவரிடம் போய் இந்தத் தர்க்கத்தை விளக்க முடியுமா? 'எங்கே எங்கள் ராணி? எங்கே அவர் கொடி?' என்று 'தி சன்' முதல் பக்கத்தில் கேட்டது. 'அக்கறை உண்டென்று காட்டுங்கள்' என்றது 'எக்ஸ்பிரஸ்'.

செப்டம்பர் 5-ம் தேதி ராணி லண்டன் திரும்பினார். வாசலில் குவிந்திருந்த பூக்களைப் பார்த்தபடி நடந்தார். மாலையில் நேரலையில் நாட்டுக்குப் பேசினார். மறுநாள் டயானாவின் சவப்பெட்டி பீரங்கி வண்டியில் அரண்மனை வாசலைக் கடந்தபோது, யாருக்கும் தலை வணங்க வேண்டியில்லாத அவர் தலை குனிந்தார். அவர் தேவாலயத்துக்குக் கிளம்பியதும் கம்பத்தில் பிரிட்டிஷ் தேசியக் கொடி ஏறி அரைக்கம்பத்தில் நின்றது. அன்று முதல் வழக்கமே மாறிவிட்டது. இப்போது மன்னர் அங்கே இல்லாத நாட்களில் தேசியக் கொடி பறக்கிறது.

பூ வைத்தவர்கள் அழ மட்டும் வரவில்லை, அதட்டவும் வந்திருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். இந்தக் கோபம் அந்த வாரம் புதிதாக முளைத்ததும் இல்லை. 1992 நவம்பரில் வின்ட்சர் கோட்டையில் தீப்பிடித்தபோது, பழுதுபார்க்கும் செலவை அரசாங்கம் ஏற்கும் என்று அறிவித்ததும் நாடே கொதித்தது. நாங்கள் ஏன் கொடுக்க வேண்டும் என்று கேட்டார்கள். அதற்கு அடுத்த வருடத்தில் இருந்துதான் ராணி வருமான வரி கட்ட ஆரம்பித்தார், பக்கிங்ஹாம் அரண்மனையும் டிக்கெட் வாங்கியவர்களுக்குத் திறந்தது. அந்தப் பழைய கோபம், டயானா விஷயத்தில் அழுகையின் வழியே வெளியே வந்தது. வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் டயானாவின் தம்பி பேசி முடித்தபோது நடந்ததைப் பாருங்கள். 'இயல்பிலேயே உயர்ந்தவர், அவருக்கு அரசப் பட்டம் எதுவும் தேவைப்படவில்லை' என்ற பொருளில், ராணியை வைத்துக்கொண்டே பேசினார். வெளியே ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்த கூட்டம் கைதட்டியது, அந்தச் சத்தம் கதவு வழியாக உள்ளே வந்து, உள்ளே இருந்தவர்களும் கைதட்டினார்கள். இறுதிச் சடங்கில் கைதட்டல்! அது அரண்மனைக்கு விழுந்த தட்டல் இல்லை என்பது உள்ளே இருந்த எல்லாருக்கும் தெரியும்.

அப்படியானால் மன்னராட்சி அன்றே ஆட்டம் கண்டிருக்க வேண்டுமே? காணவில்லை. குடியரசு வேண்டும் என்று கருத்துக்கணிப்புகளில் சொன்னவர்கள் 1990-களின் தொடக்கத்தில் இருந்தே ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தான். அந்த வாரத்துக்குப் பிறகும் அதே அளவு, 2002-ல் ராணியின் பொன்விழா கொண்டாடியபோதும் அதே அளவு. துக்கம் ஒரு கணக்கு, ஆட்சிமுறை பற்றிய எண்ணம் வேறு கணக்கு. ஒன்றை வைத்து மற்றதைப் போட்டால் விடை தப்பாகத்தான் வரும்.

இதற்கு இன்னும் கடுமையான சாட்சி நேபாளம். 2001 ஜூன் 1 இரவு நாராயணஹிட்டி அரண்மனைக்குள் மன்னர் பிரேந்திரா, ராணி ஐஸ்வர்யா உட்படக் குடும்பமே சுடப்பட்டது. தகப்பனை இழந்த மகன்களைப் போல ஆண்கள் கூட்டம் கூட்டமாக மொட்டை போட்டுக்கொண்டார்கள். அதே கூட்டம்தான், சுட்டது பட்டத்து இளவரசர் என்ற விளக்கத்தை நம்பாமல் தெருவில் கத்தியது, ஊரடங்கு போட வேண்டி வந்தது. ஏழு வருடம் கழித்து, 2008 மே 28 அன்று, நேபாளம் மன்னராட்சியையே ஒழித்துவிட்டது. பிரேந்திராவுக்காக அழுதது பொய்யில்லை. அந்த அன்பு அவரோடு நின்றுபோனது, அடுத்து மன்னரான தம்பிக்கு மாறவில்லை, அவ்வளவுதான்.

சரி, அழுகை நிஜமா என்ற முதல் கேள்வி. நேரில் பார்க்காத ஒருவருக்காக அழுவது போலி என்று நினைப்பவர்கள், 'பழக்கம்' என்பதை ரொம்பக் குறுக்கிப் பார்க்கிறார்கள். டயானாவின் கல்யாணம், பிரசவம், உடம்பு இளைத்தது, புருஷனோடு சண்டை, எல்லாமே பதினாறு வருடம் வரவேற்பறைக்கு வந்துகொண்டிருந்தன. 1987-ல் லண்டன் மருத்துவமனை ஒன்றில் எய்ட்ஸ் நோயாளியின் கையைக் கையுறை இல்லாமல் பிடித்துக் குலுக்கினார். தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று படித்தவர்களே பயந்த காலம் அது. அந்த ஒரு படத்தைப் பார்த்தவர்களுக்கு அவர் அந்நியர் இல்லை. அவருக்கு இவர்களைத் தெரியாது, இவர்களுக்கு அவரைத் தெரியும். ஒருவழி உறவுதான், ஆனால் உறவு.

இன்னொன்றும் உண்டு. பூ வைக்க வந்த பலர், தங்கள் வீட்டுச் சாவுக்கு அழாத அழுகையை இங்கே அழுததாக அப்போது சொன்னார்கள். வீட்டில் சாவு விழுந்தால் ஆஸ்பத்திரி பில், சொந்தக்காரர்கள், பத்திரம், சாவிக்கொத்து என்று ஆயிரம் வேலை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றவருக்கு, பொறுப்பு எதுவும் இல்லாத ஒரு சாவு கிடைக்கும்போது அடக்கி வைத்தது உடைகிறது. அந்தக் கண்ணீரில் பாதி தன் அம்மாவுக்கானது. அதனால் அது பொய்யாகிவிடாது.

டிவி இல்லாமல் இது இவ்வளவு பெரிதாகியிருக்காது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். பிரிட்டனில் மட்டும் 3 கோடிக்கு மேற்பட்டவர்கள் அந்த இறுதிச் சடங்கைப் பார்த்தார்கள். ஆனால் டிவி, இருக்கிற நெருப்பைத்தான் ஊதும். ஊதியும் பற்றாத சாவுகள் உண்டு. 2021 ஏப்ரலில் இளவரசர் பிலிப் இறந்தபோது பிபிசி தன் முக்கிய சேனல்களில் வழக்கமான நிகழ்ச்சிகளை நிறுத்திவிட்டு அதையே ஓட்டியது. வந்தவை 1,09,741 புகார்கள், எல்லாம் 'போதும் நிறுத்துங்கள்' என்ற ரகம். 1830-ல் நான்காம் ஜார்ஜ் மன்னர் இறந்தபோது, சக மனிதர்கள் இவ்வளவு குறைவாக வருந்திய ஆள் வேறு யாரும் இருந்ததில்லை என்று 'தி டைம்ஸ்' தலையங்கமே எழுதியது. கிரீடம் இருந்தால் கண்ணீர் தானாக வரும் என்பவர்கள் இந்த மனிதரைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

துக்கத்துக்கு ஓர் அசிங்கமான பக்கமும் இருக்கிறது, அதை மூடி மறைக்க வேண்டாம். டயானாவுக்கு வைத்த பொருட்களில் இருந்து ஒரு கரடி பொம்மையை எடுத்ததற்காக சார்டினியாவில் இருந்து வந்த ஒரு சுற்றுலாப் பயணிக்கு 7 நாள் சிறை விதித்தார்கள். மேல்முறையீட்டில் அது 100 பவுண்ட் அபராதமாகக் குறைந்தது. நீதிமன்றத்தை விட்டு வெளியே வந்தவரின் முகத்தில் யாரோ ஒருவர் குத்தினார். ஊடகங்களையும் மக்களையும் கிண்டல் செய்து அட்டை போட்ட 'பிரைவேட் ஐ' என்ற நையாண்டி இதழைக் கடைகள் விற்க மறுத்தன. டயானாவின் காரைத் துரத்திப் படமெடுத்தவர்களை எல்லாரும் திட்டினார்கள். அந்தப் படங்களை வாங்கிப் போட்ட பத்திரிகைகளும், அந்தப் பத்திரிகைகளைக் காசு கொடுத்து வாங்கியவர்களும் சேர்ந்தே திட்டினார்கள். 2008-ல் விசாரணை ஜூரி, குடித்துவிட்டு வண்டி ஓட்டியவரின் அலட்சியமும் பின்தொடர்ந்த வண்டிகளின் அலட்சியமும் சேர்ந்தே உயிரைப் பறித்ததாகத் தீர்ப்புச் சொன்னது.

எலிசபெத்தின் மரணம் முற்றிலும் வேறு ஜாதி. 96 வயது, 70 வருட ஆட்சி, சொந்தக் கட்டிலில் சாவு. இதில் அதிர்ச்சியும் இல்லை, அதட்ட ஆளும் இல்லை. 2022 செப்டம்பர் 14 மாலை முதல் 19 காலை வரை வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் பொதுமக்கள் அஞ்சலிக்காக உடல் இருந்தது. சுமார் இரண்டரை லட்சம் பேர் வந்தார்கள். கையில் எண் போட்ட பட்டை கட்டிவிட்டார்கள். வரிசையின் வால் இப்போது எங்கே இருக்கிறது என்பதை இணையத்தில் நேரலையாகக் காட்டினார்கள். தேம்ஸ் கரையோரமாக அது பல மைல் நீண்டு சதர்க் பூங்காவுக்குப் போனது. ஒரு கட்டத்தில் காத்திருப்பு 24 மணி நேரம் என்று அறிவித்தார்கள். கால்பந்து வீரர் டேவிட் பெக்காம் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் அதில் நின்றார். இத்தனைக்கும் பிறகு சவப்பெட்டிக்கு முன்னால் கிடைத்தது சில வினாடிகள். சிலர் குனிந்தார்கள், சிலர் சிலுவை போட்டுக்கொண்டார்கள், சிலர் என்ன செய்வதென்று தெரியாமல் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தார்கள்.

என்னைக் கேட்டால் அந்த வரிசைதான் சடங்கு, சவப்பெட்டி அதற்கு ஒரு காரணம். டிவி தொகுப்பாளர்கள் இருவர் வரிசையில் நிற்காமல் உள்ளே போனார்கள் என்று கிளம்பிய கோபத்தைப் பார்த்தால் புரியும். செய்திக்காகத்தான் போனோம் என்று அவர்கள் விளக்கம் சொல்லியும் ஊர் விடவில்லை. வந்தவர்களில் பலர் 'கடமை' என்ற சொல்லைத்தான் அதிகம் சொன்னார்கள், 'அன்பு' என்பதைக் குறைவாக. அவர்கள் பிறந்ததில் இருந்து நாணயத்திலும் தபால்தலையிலும் இருந்த ஒரே முகம் போய்விட்டது. இழந்தது ஆளை விடத் தங்கள் ஆயுளின் ஒரு பெரும்பகுதியை. சார்லஸுக்கு இதே வரிசை நிற்கும் என்று நான் பந்தயம் கட்டமாட்டேன்.

அந்தப் பத்து நாளில் சிரிப்பும் வந்தது. பூங்காக்களில் மார்மலேட் சாண்ட்விச் வைக்காதீர்கள் என்று கெஞ்ச வேண்டியிருந்தது. மார்மலேட் சாண்ட்விச் என்றால் உயிரான பேடிங்டன் என்ற கதைக் கரடியோடு ராணி நடித்த ஒரு குறும்படத்தின் விளைவு அது. நார்விச் நகரில் சைக்கிள் நிறுத்தும் கம்பிகளைக்கூடத் துக்கத்துக்காக மூடினார்கள். ஆனால் அடக்க நாள் பொது விடுமுறையானதால் மருத்துவமனை முன்பதிவுகள் தள்ளிப்போயின, சில சாதாரண வீட்டு அடக்கங்களும் தள்ளிப்போயின. அது சிரிக்கிற விஷயம் இல்லை. அரசுக்குச் செலவு சுமார் 16 கோடி பவுண்ட்.

மேலே சொன்னதெல்லாம் ஓரளவு வாய் திறக்க முடிந்த நாடுகளின் கதை. தாய்லாந்தில் 2016 அக்டோபர் 13 அன்று மன்னர் பூமிபோல் இறந்தபோது ஒரு வருட துக்கம் அறிவித்தார்கள். கறுப்புத் துணி கடைகளில் தீர்ந்துபோய், தெருமுனையில் சாய அண்டா வைத்து உடைகளைக் கறுப்பாக்கிக் கொடுத்தார்கள். பெரும்பாலானவர்களின் துக்கம் உண்மை என்றே நினைக்கிறேன், 70 வருடம் ஆண்டவர். ஆனால் அங்கே அரச நிந்தனைக்கு ஒவ்வொரு குற்றத்துக்கும் 3 முதல் 15 வருடம் சிறை. சமுய் தீவில், முகநூலில் தப்பாக எழுதியதாகச் சொல்லப்பட்ட ஒரு பெண்ணை, நூற்றுக்கணக்கானவர்கள் சூழ்ந்து நிற்க, காவல் நிலையத்தின் முன்னால் மன்னர் படத்துக்கு மண்டியிட வைத்தார்கள். இந்த நிலைமையில் யார் மனசார அழுகிறார், யார் பயந்து அழுகிறார் என்று வெளியில் இருந்து பிரிக்கவே முடியாது.

ஜப்பானில் சட்டம் தேவைப்படவில்லை, ஊர்க்கண்ணே போதுமானதாக இருந்தது. 1988 செப்டம்பரில் பேரரசர் ஹிரோஹிதோ படுத்ததும் திருவிழாக்களையும் கல்யாண விருந்துகளையும் ரத்து செய்தார்கள். டிவியில் ஒரு கார் விளம்பரத்தில் 'எல்லாரும் நலமா?' என்று ஒரு பாடகர் கேட்பார். உதடு அசையும் படத்தை விட்டுவிட்டு அந்தக் குரலை மட்டும் வெட்டிவிட்டார்கள். அந்த டிசம்பரில், போருக்குப் பேரரசருக்கும் பொறுப்பு உண்டு என்று நாகசாகி மேயர் மோதோஷிமா ஹிதோஷி சொன்னார். 1990 ஜனவரியில் ஒரு வலதுசாரி அவரை முதுகில் சுட்டான். உயிர் பிழைத்தார்.

இப்போது உங்கள் மூன்றாவது கேள்வி. அழாதவர்கள் வாயைப் பொத்த வேண்டுமா?

2022-ல் இதற்கு உலகம் ஒரே குரலில் பதில் சொல்லவில்லை. இந்தியா செப்டம்பர் 11-ம் தேதியை அரசு துக்க நாளாக அறிவித்தது. அதே நாட்களில் இந்திய சமூக வலைதளங்களில் கோஹினூரைத் திருப்பிக் கொடு என்ற பேச்சும் ஓடியது. கென்யாவில் அரசு துக்கம் அறிவிக்க, காலனி ஆட்சியை எதிர்த்த மாவ் மாவ் போராட்டத்தை பிரிட்டிஷ் முகாம்களில் நசுக்கியதை நினைவில் வைத்திருந்தவர்கள் அதைப் பேசினார்கள். எலிசபெத் அரியணை ஏறிய வருடமே அங்கே நெருக்கடி நிலை வந்தது என்பதால் அது சம்பந்தமில்லாத பேச்சும் இல்லை. டப்ளினில் ஒரு கால்பந்து மைதானத்தில் இறந்தவரை வைத்துப் பாட்டே கட்டினார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் பிடிக்காததும் தடை செய்வதும் ஒன்றில்லை. பிரிட்டனிலேயே, புது மன்னரை அறிவித்தபோது 'இவரை யார் தேர்ந்தெடுத்தார்கள்?' என்று கேட்ட ஒருவரை ஆக்ஸ்ஃபோர்டில் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. எடின்பரோவில் பதாகை பிடித்த ஒரு பெண்ணையும் பிடித்தார்கள். அந்தக் கேள்வியை அந்த நாளில் கேட்காமல் வேறு எந்த நாளில் கேட்பது? பதவி கை மாறுவதே அன்றுதானே.

சவ ஊர்வலத்தின் நடுவே கூச்சல் போடுவது பண்பில்லை, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மற்றபடி துக்க நாளில் அரசியல் பேசலாம், பேசுகிற விதம் ஒன்று இருக்கிறது. அதற்கு என்னிடம் ஒரு பழைய உதாரணம் உண்டு. மேலே சொன்ன நான்காம் ஜார்ஜின் ஒரே மகள் சார்லட். 1817 நவம்பர் 6-ம் தேதி, குழந்தை இறந்தே பிறந்த சில மணி நேரத்தில் அவரும் இறந்தார். 21 வயது. அப்பாவை வெறுத்த நாடு மகளுக்காகக் கதறியது, துணிக்கடைகளில் கறுப்புத் துணி தீர்ந்தது, ஏழைகள்கூடக் கையில் கறுப்புப் பட்டை கட்டினார்கள். மறுநாள் டார்பியில், ஓர் எழுச்சியில் கலந்துகொண்ட மூன்று தொழிலாளர்களைத் தூக்கிலிட்டுத் தலையை வெட்டினார்கள். அந்த எழுச்சியைத் தூண்டிவிட்டதில் அரசாங்க உளவாளி ஒருவனுக்குப் பங்கு இருந்தது. கவிஞர் ஷெல்லி இரண்டு சாவுகளையும் சேர்த்து ஒரு கட்டுரை எழுதினார். அழுதவர்களை அவர் ஏளனம் செய்யவில்லை. இளவரசி இளையவர், நல்லவர், அவர் சாவு பரிதாபமானது என்று சொன்னார். அப்புறம், டார்பியில் செத்தவர்களும் குடும்பத்தின் மேல் பாசம் வைத்திருந்த மனிதர்கள்தான் என்று எழுதி, அவர்களை அந்த இடத்துக்குக் கொண்டுவந்தது யார் என்று கேட்டார். நவம்பர் 12-ம் தேதி அதை எழுதி முடித்துவிட்டார். சார்லட்டை அடக்கம் செய்ததே 19-ம் தேதிதான்.